தாடை மூட்டும் பற்களும் சேர்ந்து அமைக்கும் கடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கடி’ என்று பல் மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

வாயை மூடும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சந்திக்கும் விதத்தையும், மெல்லும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று உரசிச் செல்லும் விதத்தையும் சேர்த்தே கடி என்கிறோம். பல்வரிசை நேராக இருப்பதும் கடி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. முத்துக் கோத்ததுபோல் தெரியும் வரிசைக்குள் ஏதோவொரு கடைவாய்ப் பல் மட்டும் சுமையை எல்லாம் தாங்கித் தேய்ந்துகொண்டிருக்கலாம். ஓரிரண்டு தெற்றுப்பற்கள் உள்ள ஒருவர் அறுபது வயது வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் மென்று சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பற்கள், அவற்றைப் பிடித்திருக்கும் எலும்பு, தாடையை இழுக்கும் தசைகள், காதுகளுக்கு முன்னால் உள்ள இரண்டு மூட்டுகள், இவை அனைத்தையும் ஆட்டுவிக்கும் நரம்புகள் ஆகியவை தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே கடி. அந்த உடன்பாடு நிலைத்திருக்கிறதா, யாருக்கும் வலியில்லாமல் நடக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. அழகு பிறகு வருகிறது.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது? மற்ற மூட்டுகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் விரலுக்கு அடியில் ஏதோ உருள்வது தெரியும். இன்னும் திறந்தால், அந்த உருண்டை விரலைவிட்டு முன்னோக்கி நகர்ந்துவிடும், அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த உருண்டைதான் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையில் உள்ள மூட்டுக்குமிழ். அது போய்ப் பொருந்தும் குழி, மண்டையோட்டின் பொட்டெலும்பில் காதுக்கு முன்னால் இருக்கிறது. குழிக்கு முன்னே ஒரு சிறு மேடு உண்டு; வாயை அகலத் திறக்கும்போது குமிழ் அந்த மேட்டின் சரிவில் வழுக்கிக் கீழிறங்கி முன்னே வருகிறது.

முழங்கை கதவுக் கீல்போல மடங்கி நீள்வதோடு சரி. தாடை மூட்டு அப்படியல்ல. ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை வாய் திறப்பது பெரும்பாலும் சுழற்சியால் நடக்கிறது. அதற்கு மேல் சுழற்சியோடு வழுக்கலும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டு அசைவுகளும் ஒரே மூட்டுக்குள் முட்டிக்கொள்ளாமல் நடப்பதற்குக் காரணம், குமிழுக்கும் குழிக்கும் நடுவே உள்ள ஒரு தட்டு. நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் இருக்கும் இந்தத் தட்டு மூட்டை மேலறை, கீழறை என இரண்டாகப் பிரிக்கிறது. கீழறையில் குமிழ் சுழல்கிறது; மேலறையில் தட்டும் குமிழும் ஒன்றாகச் சேர்ந்து வழுக்குகின்றன. அழுத்தத்தை வாங்கும் தட்டின் நடுப்பகுதியில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் வலி தெரியாத இடமாக அது அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடது தோளை அசைக்காமல் வலது தோளை அசைக்கலாம். தாடையில் அது நடக்காது. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரண்டு முனைகளிலும் மூட்டுகள். ஒரு பக்கம் அசைந்தால் மறுபக்கமும் அசைந்தே தீர வேண்டும். இது போதாதென்று, இந்த மூட்டுகளின் அசைவு எங்கே போய் முடிய வேண்டும் என்பதைப் பற்கள் தீர்மானிக்கின்றன. மூட்டு ஓரிடத்தில் உட்கார விரும்பி, பற்கள் வேறோரிடத்தில் பொருந்த விரும்பினால், இடையில் மாட்டிக்கொள்பவை தசைகள்தாம்.

வாயை எவ்வளவு திறக்க முடிய வேண்டும்?

மேல், கீழ் வெட்டுப் பற்களின் நுனிகளுக்கு இடையே 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை இருப்பது பெரியவர்களுக்கு இயல்பு. அவரவர் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்க முடிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. திறக்கும் அளவோடு திறக்கும் பாதையையும் கண்ணாடியில் பாருங்கள்: தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்பது மூட்டைப் பற்றி நிறையச் சொல்லும்.

வாயை மூடும்போது கீழ்த்தாடை தன் இடத்தை எப்படிக் கண்டுகொள்கிறது?

நாம் யாரும் குறிபார்த்து வாயை மூடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பற்கள் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து உட்காருகின்றன. பல்லின் வேர் எலும்பில் ஆணி அடித்ததுபோல் பதிந்திருக்கவில்லை, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இழைச்சவ்வில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சவ்வு முழுக்க அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். பற்களுக்கு இடையே 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாள் அகப்பட்டாலும் பலரால் அதைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத அளவு அது. எந்தப் பல் முதலில் தொட்டது, எவ்வளவு அழுத்தமாகத் தொட்டது என்ற செய்தி நொடிக்கு நொடி மூளைக்குப் போகிறது. முதலில் இடிக்கும் பல்லைத் தவிர்த்துவிட்டு மற்றப் பற்கள் பொருந்தும் இடத்துக்குத் தாடையைக் கொண்டுபோகத் தசைகள் நாளடைவில் பழகிக்கொள்கின்றன.

மூட்டுக்குமிழ் தட்டோடு சேர்ந்து குழிக்குள் மேற்புறமாகவும் முன்புறமாகவும் நன்றாக அமர்ந்திருக்கும் நிலை ஒன்று. மேல், கீழ்ப் பற்கள் அதிகபட்சமாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நிலை இன்னொன்று. இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதுதான் ஆரோக்கியம் என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். உண்மையில் பெரும்பாலான மனிதர்களிடம் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு நழுவல் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. உடல் விட்டுக்கொடுக்கும் தாராளம் அது. அந்தத் தாராளத்தை நோய் என்று பெயரிட்டுப் பல்லைத் தேய்க்கக் கிளம்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

நல்ல கடியில் எந்தப் பல் எதன்மேல் அமர வேண்டும்?

மேல்வரிசை வளைவு கீழ்வரிசை வளைவைவிடச் சற்றுப் பெரியது. பானையின் விளிம்பை மூடி கவிந்து நிற்பதுபோல், மேற்பற்களின் வெளிவிளிம்பு சுற்றிலும் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமைகிறது. இதனால்தான் மெல்லும்போது கன்னச் சதை பற்களுக்கு நடுவே சிக்குவதில்லை. முன்பக்கத்தில் மேல் வெட்டுப் பற்கள் கீழ்ப்பற்களை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மூடியிருப்பதும், அதே அளவு முன்தள்ளி இருப்பதும் இயல்பு.

கடைவாயில் நடப்பது கிட்டத்தட்ட உரலும் உலக்கையும் சேர்ந்து செய்யும் வேலை. மேல் கடைவாய்ப் பல்லின் உள்பக்க முகடு கீழ்ப்பல்லின் நடுக்குழியில் இறங்குகிறது. கீழ்ப்பல்லின் வெளிப்பக்க முகடு மேற்பல்லின் குழியில் ஏறுகிறது. சுமை பல்லின் நீளவாக்கில், வேரை நோக்கி நேராக இறங்கும்போது வேரைத் தாங்கும் சவ்வு அதை எளிதாகத் தாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்குவதுதான் அதற்குக் கடினம். நட்டுவைத்த கம்பத்தை மேலிருந்து தட்டினால் இறுகும், பக்கத்திலிருந்து ஆட்டினால் தளரும், பல்லும் அப்படித்தான்.

ஒரு பல் எதிர்வரிசையில் ஒரு பல்லோடு மட்டும் ஜோடி சேர்வதில்லை. கீழ்வரிசையின் நடு வெட்டுப் பற்களும் மேல்வரிசையின் கடைசிப் பற்களும் நீங்கலாக, ஒவ்வொரு பல்லும் எதிரே இரண்டு பற்களைத் தொடுகிறது. ஒரு பல் போனாலும் எதிர்ப்பல் முற்றிலும் துணையற்றுப் போகாமல் இருக்க இது உதவுகிறது.

கடியை வகைப்படுத்த அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப் பல்லை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்: மேற்பல்லின் முன்வெளி முகடு கீழ்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் நேராக விழுந்தால் முதல் வகை, கீழ்ப்பல் அதற்குப் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை, முந்தியிருந்தால் மூன்றாம் வகை. 1972இல் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் வேறு வழியில் போனார். பல்சீரமைப்பே செய்துகொள்ளாமல் இயற்கையாகவே நல்ல கடி அமைந்த 120 பேரின் பல்வரிசையை வார்த்தெடுத்த பல் அச்சுகளை ஆராய்ந்து, அவற்றில் பொதுவாக இருந்த ஆறு இயல்புகளைத் தொகுத்தார். பற்களின் சாய்வு, சுழற்சி இன்மை, இடைவெளி இன்மை போன்றவை அதில் அடங்கும். இரண்டுமே அசையாத பல் அச்சைப் பார்த்துச் சொன்னவை என்பதை மறக்கக்கூடாது. அச்சுக்கு மூட்டும் இல்லை, தசையும் இல்லை, வலியும் இல்லை.

முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன?

இருசாராரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. வாயை மூடி அழுத்திக் கடிக்கும்போது சுமை முழுவதையும் கடைவாய்ப் பற்கள் வாங்கிக்கொள்கின்றன. முன்பற்கள் மெல்லத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு, மூன்று வேர்கள் உண்டு, தசைக்கும் மூட்டுக்கும் அருகில் உள்ளன. மூட்டு அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால் முன்பற்களுக்கு வந்து சேரும் விசை குறைவு. பாக்குவெட்டியின் கீலுக்கு அருகில் வைத்தால் எளிதாக வெட்டுப்படுவதையும் நுனியில் வைத்தால் சிரமப்படுவதையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

தாடையை முன்னுக்கோ பக்கவாட்டிலோ நகர்த்தும்போது முறை மாறுகிறது. முன்னே நகர்ந்தால், கீழ் வெட்டுப் பற்கள் மேல் வெட்டுப் பற்களின் உட்சரிவில் உரசிக்கொண்டே இறங்குகின்றன. அந்தச் சரிவு தாடையைக் கீழே இறக்கிவிடுவதால் கடைவாய்ப் பற்கள் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தப் பக்கத்துக் கோரைப்பல் இந்த வேலையைச் செய்கிறது. வாயிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான், சுற்றியுள்ள எலும்பும் உறுதியானது. பக்கவாட்டு விசைக்கு அதைவிடப் பொருத்தமான பல் இல்லை. கண்ணாடி முன் நின்று பற்களை மெல்லச் சேர்த்து, தாடையை வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்களின் நுனிகள் ஒன்றையொன்று நெருங்க நெருங்க, இடது கடைவாயில் ஒரு சன்னமான இருட்டு இடைவெளி திறப்பதைக் காணலாம்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. கோரைப்பல் தேய்ந்தவர்களுக்கு அதற்குப் பின்னால் உள்ள முன்கடைவாய்ப் பற்களும் சேர்ந்து பக்கவாட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதுவும் ஏற்கத்தக்க ஏற்பாடே. தாடை வலப்பக்கம் போகும்போது இடது கடைவாய்ப் பல் மட்டும் தனியாக இடிப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல. புதிதாக அடைப்போ, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்போ வைக்கும்போது அப்படியோர் இடிப்பை உண்டாக்காமல் இருப்பது மருத்துவரின் பொறுப்பு.

அப்படியானால் வாயை மூடியிருக்கும்போது பற்கள் சேர்ந்தே இருக்க வேண்டுமா?

கூடாது. இதைத் தெரிந்துகொள்ளும்போது வியப்படையாதவர்கள் குறைவு. உதடுகள் மூடியிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் படிந்திருக்கும், ஆனால் மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்: இதுதான் தாடையின் ஓய்வு நிலை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய தேவையே இல்லை. ஒரு நாளின் அந்தத் தொடுதல்களை எல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு மேல் வராது. திரையைப் பார்த்து வேலை செய்யும்போதும், வண்டி ஓட்டும்போதும், எடை தூக்கும்போதும் தன்னையறியாமல் பற்களைச் சேர்த்துவைத்துக்கொண்டிருப்பவர் அந்தக் கணக்கை மணிக்கணக்காக நீட்டிவிடுகிறார். லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மெல்லும் தசைகளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மாலையானால் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “இப்போது உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா?” என்றுதான். பெரும்பாலும் ஒரு கணம் யோசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பற்களைப் பிரிக்கிறார்கள்.

புதிதாக அடைத்த பல் ‘உயரமாக’ இருப்பதுபோல் படுகிறது. நாளடைவில் சரியாகிவிடுமா?

ஓரிரு நாளில் பழகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பல்லை அடைத்து முடித்ததும் மருத்துவர் நீலமோ சிவப்போ தடவிய மெல்லிய தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, “கடிங்க, தட்டுங்க, இப்போ பக்கவாட்டுல அரைங்க” என்கிறார். அழுத்தமாகத் தொடும் இடத்தில் மை பதிகிறது. மிக அழுந்தும் புள்ளியில் மை நசுங்கி விலகி, நடுவில் வெளிறிய ஒரு பொட்டும் அதைச் சுற்றி ஒரு வளையமுமாகத் தெரியும். அந்த வளையத்தின் நடுவில்தான் கருவி ஓரிரு நொடி ஓடும். பிறகு மீண்டும் தாள், மீண்டும் கடி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மரத்துப்போன தாடையோடு, அண்ணாந்து படுத்த நிலையில் கடிக்கும் கடி வேறு. வீட்டுக்குப் போய் மரப்பு தெளிந்து, நிமிர்ந்து உட்கார்ந்து மெல்லும் கடி வேறு. தலை சாயும் கோணத்துக்கேற்பக் கீழ்த்தாடை நிற்கும் இடமும் மாறுகிறது. அதனால் கவனமாகச் செய்த அடைப்பும் சில சமயம் அடுத்த நாள் இடிக்கத்தான் செய்யும். உயரமான அடைப்பை அப்படியே விட்டால் அந்தப் பல் கடித்தால் வலிக்கும், குளிர்ச்சிக்குக் கூசும், சில வாரங்களில் லேசாக ஆடவும் செய்யலாம். ஐந்து நிமிட வேலையில் தீர்வதைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை.

வாயைத் திறக்கும்போது காதோரம் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. மூட்டு கெட்டுவிட்டதா?

வலியில்லை, வாய் முழுதாகத் திறக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. மூட்டுத் தட்டு தன் இடத்திலிருந்து சற்று முன்னே நழுவியிருக்கும். வாயைத் திறக்கும்போது குமிழ் தட்டின் தடித்த பின்விளிம்பைத் தாண்டி அதன் நடுவுக்குள் குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் சத்தம். மூடும்போது மீண்டும் நழுவுவதால் சன்னமாக இன்னொரு ‘டிக்’ கேட்கலாம். இந்தச் சத்தம் மிகப் பரவலானது. பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடுவதும், தானாக நின்றுபோவதும் உண்டு. சத்தத்தைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்ப வாயைத் திறந்து மூடிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது.

மணலை நசுக்குவதுபோன்ற கரகரப்பு வேறு வகை. மூட்டின் பரப்புகள் தேய்ந்து சொரசொரத்திருப்பதை அது காட்டலாம், ஆகவே பரிசோதிக்க வேண்டும்.

தாடை பூட்டிக்கொண்டால் என்ன செய்வது?

திறக்க முடியாத பூட்டு, மூட முடியாத பூட்டு என இரண்டு உண்டு. முதலாவதில், நழுவிய தட்டு குமிழுக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதுவரை கேட்ட சத்தம் திடீரென்று நின்று, வாய் பாதிக்குமேல் திறக்காமல் போகும். வலுக்கட்டாயமாகத் திறக்காமல், மென்மையான உணவும் வெந்நீர் ஒத்தடமுமாகத் தாடைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு விரைவில் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாவதில், பெரிய கொட்டாவி விடும்போது குமிழ் முன்மேட்டைத் தாண்டிப் போய் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. திறந்த வாய் மூடாது. கீழ்க் கடைவாயைக் கட்டைவிரல்களால் கீழே அழுத்திப் பின்னுக்குத் தள்ளி அதைச் சரிசெய்கிறார்கள். ஹிப்போகிராட்டஸின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இதற்கான கைமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் முயலக்கூடாது.

தாடை வலிக்குக் காரணம் கடி சரியில்லாததுதான் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கருத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1934இல் அமெரிக்காவின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலி, காதடைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றோடு வந்த 11 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்குமேல் மூடி, மூட்டுக்குமிழ் பின்னால் போய் நரம்பை அழுத்துகிறது என்பது அவருடைய விளக்கம். குமிழ் அப்படி நரம்பை அழுத்த முடியாது என்று உடற்கூறியலாளர்கள் பிற்பாடு காட்டினார்கள். ஆனால் ‘கடியைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும்’ என்ற எண்ணம் அதற்குள் ஊன்றிவிட்டது. அடுத்த பல பத்தாண்டுகளில் எத்தனையோ பேரின் ஆரோக்கியமான பற்கள் தேய்க்கப்பட்டன, கேப் போடப்பட்டன.

இன்றைய புரிதல் வேறு. தாடை வலியோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வலி தசையிலிருந்துதான் வருகிறது. பற்களைக் கடிக்கும் பழக்கம், மன அழுத்தம், தூக்கக் குறைவு, அடிபட்டது, உடலில் வேறிடங்களிலும் நாட்பட்ட வலி இருப்பது எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கோணல் கடி உள்ளவர்களில் பெரும்பாலோர் வலியில்லாமல் இருக்கிறார்கள். நேர்த்தியான கடி உள்ளவர்களிலும் சிலர் வலியால் துடிக்கிறார்கள். கடிக்கும் மூட்டு வலிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. திடீரென்று உயர்த்தி வைத்த கேப் தசையைச் சில நாள் வலிக்கச் செய்யலாம். ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள் முழுவதும் போனால் மூட்டுக்குச் சுமை கூடலாம். நேர்மையாகச் சொன்னால், கடி பல காரணங்களில் ஒன்று, பெரும்பாலும் சிறிய ஒன்று.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1996இல் கூட்டிய ஆய்வு மாநாடு, திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளுக்கு முன் எளிய, மீளக்கூடிய வழிகளையே முதலில் கைக்கொள்ள வேண்டும் என்ற பக்கம் நின்றது. நடைமுறையில் இதற்குப் பொருள்: சில வாரங்கள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், பற்களைப் பிரித்துவைக்கும் பயிற்சி, தேவையான அளவுக்கு வலி மருந்து, இயன்முறைப் பயிற்சி, தேவைப்பட்டால் பற்களின் மேல் கழற்றி மாட்டும் உறைபோன்ற பற்தட்டு. பெரும்பாலோருக்கு இதுவே போதுமானது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. வலி தீர்ப்பதற்காக ‘எல்லாப் பற்களின் கடியையும் சமன்செய்ய வேண்டும்’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லப்பட்டால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். கடி கோணலாக இருப்பதாலா?

அப்படித்தான் முன்பு எண்ணினார்கள். தூக்கத்தில் பற்கடிப்பு மூளையிலிருந்து தொடங்குவது. ஆழமில்லாத தூக்கத்தில், மூளை சில நொடிகள் விழிப்பை நோக்கி எழும்போது தாடைத் தசைகள் தாளகதியில் சுருங்குகின்றன. மது, புகை, அதிகக் காபி, மன இறுக்கம், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை அதைத் தூண்டலாம். இரவில் அணியும் பற்தட்டு கடிப்பதை நிறுத்திவிடாது. கடியின் சேதத்தைப் பற்களுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளும். வரிசை முழுவதையும் மூடும்படி, உங்கள் பல் அச்சுக்கு அளவெடுத்துச் செய்ததாக அது இருக்க வேண்டும். சில பற்களை மட்டும் மூடும் தட்டை மாதக்கணக்கில் அணிந்தால், மூடப்படாத பற்கள் மெல்ல வளர்ந்து இறங்கிக் கடியே மாறிவிடும் வாய்ப்பு உண்டு.

ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. அந்த இடத்தை அப்படியே விட்டால் கடி கெடுமா?

கெடலாம், எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. பின்னால் உள்ள பல் காலி இடத்துக்குள் சாயும். எதிர்வரிசைப் பல் தடுக்க ஆளில்லாமல் வளர்ந்து இறங்கும். பல மாதங்கள், சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நடப்பதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. சிலருக்கு மில்லிமீட்டர்கூட நகராமல் அப்படியே நிற்பதும் உண்டு. ‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். கடைவாய்ப் பல் போனால் சொல் போவதில்லை, அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லை.

ஒவ்வொரு இடைவெளியையும் கட்டாயம் நிரப்பியே ஆக வேண்டும் என்பதும் மிகை. உலக நலவாழ்வு அமைப்பு 1992இல் வைத்த இலக்கு, வாழ்நாள் முழுதும் குறைந்தது 20 இயற்கைப் பற்களாவது செயற்பாட்டோடு இருக்க வேண்டும் என்பது. முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால் கடைசிக் கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பலர் வசதியாக மெல்லுகிறார்கள். எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: அதைச் சுற்றி இழைச்சவ்வு கிடையாது, எலும்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. இயற்கைப் பல் சுமையில் சற்று அமிழும், இம்ப்ளான்ட் அமிழாது. கடியின் அழுத்தத்தையும் மங்கலாகவே உணர்த்தும். அதனால் அதன் கடியை இன்னும் நுட்பமாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகளிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு வயதில், பால்பல் எதுவும் விழாமலேயே வரிசையின் கடைசியில் ஒரு புதுப் பல் முளைக்கிறது. அதைப் பால்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கடியின் மூலைக்கல் அதுதான். பால் கடைவாய்ப் பல்லைக் காலத்துக்கு முன்பே எடுக்க நேர்ந்தாலும், அந்த இடத்தைக் காத்துவைக்க ஏற்பாடு தேவையா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இந்த ஆறு வயதுப் பல் முன்னுக்கு நகர்ந்து, பிற்பாடு அங்கே முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

நிலையான முன்பற்கள் முளைத்த பிறகும் தொடரும் விரல் சூப்புதலும், எப்போதும் வாயால் மூச்சுவிடுவதும் கடியை மாற்றும். வாயை மூடும்போது தாடை கடைசி நொடியில் ஒரு பக்கம் ஒதுங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே அமர்ந்தால், அதை வளரும் வயதிலேயே சரிசெய்வது நல்லது. தாடை எலும்பு அந்த ஒதுங்கலுக்கேற்பவே வளரப் பார்க்கும்.

ஒரு பக்கமாகவே மெல்லுவது தவறா?

பெரும்பாலோருக்குக் கைப்பழக்கம்போல் ஒரு மெல்லும் பக்கமும் உண்டு. மறுபக்கம் வலிக்கிறது என்பதற்காக ஒதுக்கினால் மட்டும் அந்த வலியைக் கவனியுங்கள்.

எந்த அறிகுறிகளுக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

பல் வேலை எதுவும் செய்யாமலே கடி திடீரென்று மாறினால், அதாவது நேற்றுவரை பொருந்திய பற்கள் இன்று ஒரு பக்கம் மட்டும் தொட்டால், மூட்டில் வீக்கமோ முறிவோ வேறு மாற்றமோ இருக்கலாம். அடிபட்ட பிறகு அப்படி நேர்ந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வாய் திறக்க முடியாமல் போவதும் அவசர நிலையே; மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் சேர்ந்தால் மருத்துவமனைக்கே போங்கள்.

எல்லாத் தாடை வலியும் தாடையில் தோன்றுவதில்லை. நடக்கும்போதோ படியேறும்போதோ தாடையில் வந்து, நின்றால் குறையும் வலி இதயத்திலிருந்து வரலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு, உணவை மென்றுகொண்டிருக்கும்போது தாடை சோர்ந்து வலித்து, கூடவே புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலியும் தலையைத் தொட்டால் நோவும் இருந்தால், பொட்டில் ஓடும் இரத்தக் குழாயின் அழற்சியாக அது இருக்கக்கூடும். பார்வையைப் பறிக்க வல்ல நோய் அது. அங்கே பற்தட்டு செய்து காத்திருப்பதற்கு நேரமில்லை; அன்றைக்கே பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.